ஜெர்மனியில் பிள்ளை வீடு: திருநெல்வேலியிலிருந்து போகிற பெற்றோருக்கு

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கமிருந்து ஜெர்மனிக்குப் போகிற அப்பா அம்மாக்கள் இப்போது நிறையப் பேர். மகளுக்குப் பிரசவம், மகன் புது வீடு மாறியிருக்கிறான், பேரனுக்கு லீவு என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். கிளம்பும்போது எல்லோருக்கும் பயம் குளிரைப் பற்றியும் பாஷையைப் பற்றியும் விமானம் மாறுவதைப் பற்றியும்தான். அந்த மூன்றும் சீக்கிரம் பழகிவிடும். நாள்பட உறுத்துவதெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: குளியலறை, அடுப்படி, ஜன்னல், பக்கத்து வீட்டுக் காதில் விழுகிற மிக்சிச் சத்தம். "அதைத் தொடாதீங்கம்மா, இப்போ போடாதீங்கப்பா" என்று பிள்ளைகள் சொல்லச் சொல்லப் பெரியவர்களுக்கு மனசு சுருங்கிப்போகும். ஏன் தொடக் கூடாது, ஏன் போடக் கூடாது என்ற காரணம் முன்னாலேயே தெரிந்துவிட்டால் பாதி வருத்தம் வராது.

முதலில் விசா. பெற்றோர் போவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசாவில். பெரியவர் ஒருவருக்குக் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். அவ்வளவு நெருக்கத்தில் போய் நிற்கவே கூடாது, ஏனென்றால் கோடை நெருங்கும்போது விண்ணப்பம் கொடுக்க முன்பதிவு நேரம் கிடைப்பதே பாடு. விண்ணப்பத்துக்குச் சென்னைக்குப் போவதென்றால் நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்கி, வேலையை முடித்து அன்று இரவே திரும்பிவிடலாம். பிள்ளை அங்கே வெளிநாட்டினர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து அனுப்புவார். உங்கள் செலவுக்கு அவர் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். அதன் அசல் தாள் தபாலில் வந்து சேர வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவை நம்பிக் கிளம்பாதீர்கள்.

பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் நாள் முழுவதையும் சேர்த்து எடுக்க வேண்டும். இதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். விலை குறைந்த பாலிசிகளில் பெரும்பாலும், ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷர், இதய நோய் காரணமாக வருகிற செலவு சேராது, அல்லது ஒரு சின்னத் தொகைக்குள் அடங்கிவிடும். விசா கிடைக்க அந்தப் பாலிசி போதும்; ஆஸ்பத்திரியில் படுத்தால் போதாது. "முன்பே உள்ள நோய்" என்ற பத்தியை வாசித்துப் பார்த்து, கொஞ்சம் கூடுதல் பிரீமியம் ஆனாலும் அதைச் சேர்த்துத் தருகிற பாலிசியை எடுங்கள். அறுபது தாண்டியவர்களுக்கு இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பெட்டியில் எது போகும், எது போகாது

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பயணிகள் கறி வகையும் பால் வகையும் கொண்டுபோகத் தடை. நெய் பால் வகைதான். வீட்டில் உருக்கின நெய், பால்கோவா, பால் பவுடர் எதுவும் வைக்காதீர்கள்; ஆட்டுக்கறி ஊறுகாய், உப்புக்கண்டம் அறவே கூடாது. நெய்க்குப் பதிலாக அங்கேயே உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் கட்டியாகக் கிடைக்கும். நாலு கட்டியை உருக்கினால் முக்கால் கிலோவுக்கு மேலேயே நல்ல நெய் இறங்கும்.

அல்வா? ரொட்டி, பிஸ்கட், கேக், மிட்டாய் போன்றவற்றுக்கு இந்தத் தடையில் விலக்கு உண்டு. அல்வாவில் நெய் இருந்தாலும் அது கோதுமைப் பாலும் சர்க்கரையும் சேர்ந்து வெந்த இனிப்பு. கடைப் பொட்டலத்தைப் பிரிக்காமல், என்னென்ன சேர்ந்தது என்று அச்சிட்ட அட்டையோடு வையுங்கள். கேட்டால் எடுத்துக் காட்டுங்கள். நெய் கசியும், அதனால் இரண்டு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் துணிக்கு எட்டாத மூலையில் வைக்க வேண்டும். பலருக்குத் தெரியாத நல்ல செய்தி ஒன்று: மீனுக்குத் தனி விதி. கருவாடு ஆளுக்கு 20 கிலோ வரை சொந்த உபயோகத்துக்குக் கொண்டுபோகலாம். காற்று உறிஞ்சி ஒட்டிய உறையில் போட்டால் வாடை வராது. தேன் 2 கிலோ வரை சரி.

காய், பழம், இலை விஷயத்தில்தான் கண்டிப்பு அதிகம். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் போகக்கூடிய பழங்கள் ஐந்தே: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சம்பழம், துரியன். மாம்பழம் போகாது. பச்சைக் கறிவேப்பிலையும் வெற்றிலையும் போகாது. கறிவேப்பிலையைப் பொடியாக்கிக் கொண்டுபோங்கள். உடன்குடிக் கருப்பட்டி, சுக்கு, மிளகு, சாம்பார்ப் பொடி, அப்பளம், வடகம் எல்லாம் பிரச்சினை இல்லை. விமானத்தில் வருகிற பெரியவர் ஒருவர் 430 யூரோ மதிப்பு வரைதான் சாமான் வரியில்லாமல் கொண்டுபோகலாம் என்பதால் பட்டுப்புடவை, வெள்ளிப் பாத்திரம் என்று பரிசாகக் குவிக்க வேண்டாம். மருந்து மூன்று மாதத் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம். டாக்டர் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் வேதிப் பெயரையும் எழுதி வாங்குங்கள். அங்கே மருந்துக்கடைக்காரருக்கு நம் ஊர்ப் பெயர் தெரியாது.

மிக்சி கொண்டுபோகலாம். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் வேறு. நம் மூன்று முள் பிளக்குக்கு எர்த் இணைப்பு உள்ள மாற்றுப் பிளக் வேண்டும். விமான நிலையத்தில் விற்கிற சின்ன அடாப்டர் பலவற்றில் எர்த் கிடையாது, செல்போனுக்கு மட்டும்தான் அது ஆகும். பாத்திரம் எடுத்து வைக்கும் முன், அங்கே இருப்பது இண்டக்‌ஷன் அடுப்பா என்று கேளுங்கள். ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள்: ஒட்டினால் வேலை செய்யும், ஒட்டாவிட்டால் அங்கே அது வெறும் அலங்காரம். அலுமினிய இட்லிக் கொப்பரை, பித்தளை உருளி, மண்சட்டி மூன்றும் தோற்கும். இரும்பு தோசைக்கல் அருமையாக வேலை செய்யும். ஆனால் கண்ணாடி அடுப்பின் மேல் அதை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். இழுத்தால் விழுகிற கீறல் போகவே போகாது.

வாசலில்

அடுக்குமாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் வீட்டுக்கு எண் கிடையாது. வாசலில் உள்ள பெல் பலகையில் குடும்பப் பெயர் மட்டும் இருக்கும். நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இருப்பது தகப்பனார் பெயர்தானே. அதனால் மகன் வீட்டு வாசலில் போய் நிற்கிற அப்பா, தன் பெயரே பெல்லில் எழுதியிருப்பதைப் பார்ப்பார். மகள் வீடென்றால் அங்கே சம்பந்தி பெயர் இருக்கலாம். எந்தப் பெயரைத் தேட வேண்டும் என்று முன்னாலேயே கேட்டு, முகவரியோடு சேர்த்து ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கதவின் வெளிப்பக்கம் திருகும் பிடி இருக்காது. காற்றடித்துச் சாத்திக்கொண்டாலே பூட்டியதுதான். குப்பை போட ஒரு நிமிடம் இறங்கினாலும் சாவி கையில் இருக்க வேண்டும். அடுப்பில் பால் கொதிக்க, கதவு சாத்திக்கொள்ள, பிள்ளைகள் ஆபீசில் இருக்க என்று நடப்பது உண்டு. இரவிலோ ஞாயிற்றுக்கிழமையோ பூட்டுத் திறப்பவரை அழைத்தால் நூற்றுக்கணக்கில் யூரோ கேட்பார்.

குளியலறை

முதல் வாரத்தில் வருகிற பிணக்குகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்கும். ஜெர்மன் வீட்டுக் குளியலறையில் தொட்டிக்குள்ளும் ஷவர் அடைப்புக்குள்ளும் மட்டும்தான் தண்ணீர் போக வழி. தரையில் ஓட்டை கிடையாது. தாமிரபரணியில் முங்கிக் குளித்தவர்களுக்கும் வாளியும் செம்புமாகக் குளித்தவர்களுக்கும் இது புரிபட நாளாகும். தரையில் கொட்டுகிற தண்ணீர் ஓடு இடுக்கு வழியாகக் கீழ் வீட்டுக் கூரையில் இறங்கி மஞ்சள் கறையாகத் தெரியும். அதற்குப் பழுது செலவு கேட்டு வருவார்கள்.

தொட்டிக்குள்ளேயே வாளியை வைத்து உட்கார்ந்து குளிப்பதற்குத் தடையில்லை. தொட்டியின் விளிம்பு முழங்காலுக்கும் மேல் உயரம். மூட்டு வலி உள்ளவர்கள் ஈரக் காலோடு அதைத் தாண்டும்போதுதான் விழுவார்கள். உறிஞ்சிக் கப்புகள் உள்ள ரப்பர் விரிப்பைத் தொட்டிக்குள்ளும், தண்ணீர் உறிஞ்சும் துண்டு விரிப்பை வெளியிலும் போடச் சொல்லுங்கள். தொட்டிக்கு ஏற்ற பிளாஸ்டிக் முக்காலியும் கிடைக்கும். ஷவர் திரை இருந்தால் அதன் அடி தொட்டிக்கு உள்ளே தொங்க வேண்டும். வெளியே தொங்கினால் தண்ணீர் முழுக்கத் தரைக்கு வந்துவிடும்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள், குளிக்கும் முன் காகிதத் துண்டால் எண்ணெயைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். எண்ணெய் குழாயில் படிந்து கெட்டியாகி அடைக்கும், தொட்டியும் வழுக்கும். சீயக்காய்த் தூள் வடிகட்டியில் மண்ணாகப் படியும்; அங்கே இருக்கிற வரை ஷாம்பூ போதும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ் உறைந்துவிடும், வாய் அகன்ற டப்பாவில் வைத்தால் விரலால் எடுக்கலாம்.

கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, காகிதம்தான். அது பலருக்குப் பெரிய மனக்குறை. இணையத்தில் வாங்குகிற கைத்தெளிப்பானைப் பொருத்தலாம். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் குழாயில் எப்போதும் அழுத்தம் நின்றால் ஒரு நாள் பிய்த்துக்கொண்டு வீடு முழுக்க வெள்ளம் வரும். உபயோகித்ததும் சுவரில் உள்ள வால்வை ஒவ்வொரு தடவையும் மூடுவதாக இருந்தால் மட்டும் பொருத்துங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரைக் கேட்க வேண்டும். இதற்கெல்லாம் போகாமல், அழுத்தினால் பீய்ச்சுகிற மூக்குள்ள பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வெளியூருக்கும் கைப்பையில் போகும். கழிப்பறைக் காகிதத்தைக் குழிக்குள் போட்டுத் தண்ணீர் விடலாம். ஈரத் துடைப்பான்களைப் போடக் கூடாது, அவை கரையாது.

அடுப்படியும் தண்ணீரும்

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். கடையில் வாங்குகிற பாட்டிலில் பாதி சோடா. மூடியைத் திறந்ததும் பொங்கினால் பயப்பட வேண்டாம். ஆனால் பெர்லின், மியூனிக் போன்ற ஊர்களில் தண்ணீர் கடினம். தண்ணீரின் கடினத்தை அங்கே டிகிரிக் கணக்கில் சொல்வார்கள் (சூடு அல்ல); 14-க்கு மேலிருந்தால் கடின நீர். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். டீயின் மேல் ஆடை மாதிரி ஒரு படலம் மிதக்கும், கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படியும், துவரம்பருப்பு எத்தனை விசில் வைத்தாலும் முழித்துக்கொண்டு கிடக்கும். பருப்பு மேல் குற்றமில்லை. ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, வடிகட்டும் ஜாடித் தண்ணீரில் வேகவைத்து, உப்பும் புளியும் வெந்த பிறகே சேர்த்தால் குழையும். அப்படியும் வேகாவிட்டால் ஒரு சிட்டிகை சமையல் சோடா. கெட்டில் கறைக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி ஊற்றிக் கொதிக்கவிட்டு, அரை மணி நேரம் கழித்துக் கொட்டினால் போகும்.

இட்லி மாவு குளிர்காலத்தில் புளிக்காது. நம் ஊரில் 8 மணி நேரத்தில் பொங்குகிற மாவு, 19, 20 டிகிரி அடுப்படியில் ஒரு நாள் கிடந்தாலும் அசையாது. நாலுக்கு ஒன்று அரிசியும் உளுந்தும், ஒரு டீஸ்பூன் வெந்தயம்; உளுந்து அரைக்க வெதுவெதுப்பான தண்ணீர். ஓவனைச் சூடுபடுத்தாமல் உள் விளக்கை மட்டும் போட்டு, பாதியளவே மாவு உள்ள பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துங்கள். பழைய பல்பு உள்ள ஓவன் அந்தச் சூட்டிலேயே 30 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும், 12 முதல் 15 மணி நேரத்தில் மாவு எழும்பிவிடும். புது ஓவன்களில் எல்இடி விளக்கு. அது சூடு தராது. அப்போது கொதிநீர்க் கிண்ணம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து நாலு மணிக்கொரு தரம் மாற்ற வேண்டும். ஓவன் கதவில் "உள்ளே மாவு இருக்கு" என்று ஒரு சீட்டு ஒட்டுவது முக்கியம். காலையில் பேரனுக்கு பீட்சா சூடுபண்ண மருமகள் ஓவனைத் திருகினால் மாவு பிளாஸ்டிக் மூடியோடு வெந்துவிடும்.

தாளிப்புப் புகைக்கு அலாரம் அலறும். வீடுகளில் படுக்கையறை, குழந்தைகள் அறை, வெளியே போகும் நடை ஆகிய இடங்களில் புகை எச்சரிக்கை கருவி சட்டப்படி கட்டாயம். அடுப்படியில் இல்லாவிட்டாலும் நடையில் இருப்பது மிளகாய் வற்றல் நெடிக்கே கத்தும். தாளிக்கும் முன் அடுப்படிக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, புகைபோக்கியைப் போடுங்கள். நடைக் கதவைத் திறந்து மாடிப்படிப் பக்கம் புகையை விரட்டாதீர்கள், அது அடுத்த வீட்டுக்குப் போகும். சாம்பிராணி, சூடம் இரண்டுக்கும் இதே விதி. அலாரத்தைக் கழற்றி அலமாரியில் வைப்பது கூடவே கூடாது.

ஜன்னலும் சூடும்

ஜன்னல் பிடி கீழே பார்த்தால் மூடியது. பக்கவாட்டில் திருப்பினால் கதவு மாதிரி முழுக்கத் திறக்கும். மேலே திருப்பினால் தலைப்பகுதி மட்டும் உள்ளே சாயும். திறந்திருக்கும்போதே பிடியை மேலே திருப்பிவிட்டால், ஜன்னல் ஒரு மூலையில் மட்டும் பிடித்துக்கொண்டு சாய்ந்து தொங்கும். "ஏ ஐயா, சன்னலு கழண்டுட்டுய்யா!" என்று ஆபீசுக்குப் போன் போகும் இடம் இதுதான். கழலவில்லை. கீழ் மூலைக் கீலும் மேல் கையும் அதைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. கீல் உள்ள பக்கத்து மேல் மூலையைச் சட்டத்தோடு ஒட்ட உள்ளங்கையால் அழுத்துங்கள்; அழுத்தியபடியே பிடியைப் பக்கவாட்டுக்குத் திருப்புங்கள்; பிறகு முழுக்கச் சாத்திப் பிடியைக் கீழே கொண்டுவாருங்கள். சரியாகிவிடும்.

குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்கச் சொன்னால் ஆச்சரியமாக இருக்கும். வீடு காற்றுப் புகாதபடி கட்டியது. சோறு வடிக்கிற ஆவி, உள்ளே காயப்போட்ட வேட்டி சேலை, நம் மூச்சு எல்லாம் சேர்ந்து குளிர்ந்த சுவர் மூலையில் தண்ணீராகப் படியும், ஒரு மாதத்தில் கறுப்புப் பூஞ்சை வரும். வாடகைக்கு வருபவரிடம் மூன்று மாத வாடகை வரை முன்பணம் வாங்கியிருப்பார்கள். பூஞ்சைக்கு வழக்கு வந்தால் பிடித்தம் அதிலிருந்துதான். அதனால் ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை, எதிரெதிர் ஜன்னல்களை முழுக்கத் திறந்து 5 நிமிடம் விட்டுச் சாத்த வேண்டும். அந்நேரம் ஹீட்டரைக் குறைத்து வையுங்கள். லேசாகச் சாய்த்து நாள் முழுக்க விடுவதில் காற்று மாறாது, சுவர்தான் குளிரும்.

ஹீட்டர் திருகில் 1 முதல் 5 வரை எண் இருக்கும். 3 என்றால் ஏறத்தாழ 20 டிகிரி. ஓர் எண்ணுக்கு ஏறத்தாழ 4 டிகிரி வித்தியாசம். 5-இல் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்பது தவறான நினைப்பு. அது சூடேறும் வேகத்தைக் கூட்டாது, எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. 3-இல் வைத்துக் கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம். எப்போது போவது என்று தேர்ந்தெடுக்க முடிந்தால் மே முதல் செப்டம்பர் வரை போங்கள். முதல் தடவையே டிசம்பரில் போனால் பகல் முழுவதும் நாலு சுவருக்குள் உட்கார்ந்து மனம் சோர்ந்துவிடும்.

சத்தம், ஞாயிறு, குப்பை

இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். ஞாயிறு முழுவதும் அப்படித்தான். பல கட்டடங்களில் மதியம் 1 முதல் 3 வரைகூட உண்டு. மிக்சி, துளை போடும் இயந்திரம், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் இந்த நேரங்களில் ஓய வேண்டும். அதிகாலை 5 மணிக்கு எழுந்து சட்னி அரைப்பவர்கள் முந்தின சாயங்காலமே அரைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மிக்சிக்கு அடியில் நாலாக மடித்த துண்டு போட்டால் மேடை வழியாக இறங்குகிற அதிர்வு வெகுவாகக் குறையும். வீடியோ காலில் ஊரில் உள்ள மைனியோடு பேசும்போது ஸ்பீக்கர் வேண்டாம், முக்கியமாக டிராமிலும் ரயிலிலும்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. பேக்கரி சில மணி நேரம், பெட்ரோல் பங்க், பெரிய ரயில் நிலையத்துக் கடைகள் அவ்வளவுதான். பாலும் காய்கறியும் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். திங்கள் பண்டிகை விடுமுறை என்றால் இரண்டு நாளைக்குச் சேர்த்து.

குப்பையைக் காகிதம், பிளாஸ்டிக் உறைகள், காய்கறிக் கழிவு, மற்றவை என்று பிரிப்பார்கள். தொட்டியின் நிறம் ஊருக்கு ஊர் சற்று மாறும், வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். வடை சுட்ட எண்ணெயைச் சிங்கில் ஊற்றாமல் மூடியுள்ள பாட்டிலில் அடைத்து "மற்றவை"யில் போட வேண்டும். தண்ணீர், குளிர்பானம் வாங்கும்போது பாட்டிலுக்கு முன்பணம் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள்: பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட், பியர்க் கண்ணாடிப் பாட்டிலுக்கு 8 சென்ட். காலிப் பாட்டிலை சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைக் கவுண்டரில் கொடுத்தால் பணம். இயந்திரம் பார்கோடைப் படிப்பதால் பாட்டிலை நசுக்கக் கூடாது, லேபிளைக் கிழிக்கக் கூடாது. நடைப் பழக்கம் உள்ள தாத்தாக்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

வெளியே போனால்

ரயில் நிலையத்தில் தடுப்புக் கதவு இல்லை, டிக்கெட் கேட்க ஆளும் இல்லை. இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள்: சாதாரண உடையில் பரிசோதகர் வருவார், டிக்கெட் இல்லாவிட்டால் 60 யூரோ. சில ஊர்களில் காகித டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது, நடைமேடையில் உள்ள சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட்டுக்கும் அதே அபராதம். ஒரு மாதம் முழுக்கச் சுற்றுவதென்றால் நாடு முழுவதும் உள்ளூர் ரயில், பஸ், டிராமுக்குச் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. அதிவேக ரயில்களில் அது செல்லாது. அது மாதச் சந்தா. நிறுத்த வேண்டுமென்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதமும் பிடித்துவிடுவார்கள். ரயில் நின்றதும் கதவு தானாகத் திறக்கும் என்று காத்திருக்காதீர்கள், பொத்தானை அழுத்த வேண்டும்.

நடைபாதையில் சிவப்புக் கல் பதித்த பட்டை சைக்கிளுக்கு. அதில் நின்று பேசினால் மணி அடித்துக்கொண்டே வருவார்கள், நிறுத்த மாட்டார்கள். தெருவில் வண்டியே இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்கில் கடக்காதீர்கள், பக்கத்தில் குழந்தைகள் நின்றால் நிச்சயமாகக் கூடாது. அடுத்தவர் குழந்தையைக் கன்னத்தில் கிள்ளுவது, போட்டோ எடுப்பது, மிட்டாய் நீட்டுவது மூன்றையும் பெற்றோரைக் கேட்காமல் செய்யக் கூடாது. நமக்கு அது பிரியம், அவர்களுக்கு அது பதற்றம்.

ஆனால் ஜெர்மானியர்களைச் சிடுமூஞ்சிகள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மாடிப்படியில் எதிர்ப்படுகிற எல்லோரும் "ஹலோ" சொல்வார்கள், டாக்டர் காத்திருப்பு அறைக்குள் நுழைகிறவர் மொத்த அறைக்கும் வணக்கம் சொல்வார். பதில் சொல்லுங்கள், அதிலிருந்துதான் பழக்கம் தொடங்குகிறது. வீட்டுக்குக் கூப்பிட்டால் நாலு மணி என்றால் நாலு மணி. நம் பக்கம் "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா" என்றால் இரண்டு தடவை வேண்டாமென்று சொல்லி மூன்றாம் தடவை இலையைக் காட்டுவோம். அங்கே ஒரு தடவை வேண்டாம் என்றால் மதித்து விட்டுவிடுவார்கள். பசித்தால் முதல் தடவையே சரியென்று சொல்லுங்கள். பிறந்தநாள் வாழ்த்தை ஒரு நாள்கூட முன்னதாகச் சொல்லாதீர்கள், அதை அபசகுனம் என்று நினைக்கிறார்கள். பொங்கலன்று ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலைக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். முந்திரி, பால் சேர்ந்திருப்பதை மட்டும் சொல்லிவிடுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் அதிகம்.

மகள் பிரசவத்துக்குப் போகிற ஆச்சிமாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பிறந்த முதல் 10 நாள் தினமும், பிறகு 12 வாரம் வரை அவ்வப்போது, பேறுகால மருத்துவச்சி வீட்டுக்கே வருவார். அரசு சார்ந்த மருத்துவக் காப்பீட்டில் அது சேர்த்தி. குழந்தைக்குத் தலையணை வைக்காதே, போர்வை வேண்டாம், உறங்கும் பையில் போடு, மல்லாக்கப் படுக்கவை என்பார். உறக்கத்தில் மூச்சுத் திணறாமலிருக்க அது, மறுக்காதீர்கள். தேன் ஒரு வயது வரை நாக்கில் தடவவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தைக்கு ஆபத்து. தாய்க்கு நீங்கள் வைக்கிற பூண்டுக் குழம்பையும் உளுந்தங்களியையும் பெரும்பாலும் யாரும் தடுக்க மாட்டார்கள்.

உடம்புக்கு முடியாவிட்டால்: உயிர் ஆபத்து என்றால் 112, போலீஸ் 110, அவசரமில்லாத காய்ச்சல், வயிற்றுவலிக்கு டாக்டர் கிளினிக் நேரம் முடிந்த பின் 116117. பாராசிட்டமால்கூட மருந்துக்கடையில் மட்டும்தான், 500 மில்லிகிராம் 20 மாத்திரைக்கு மேல் உள்ள பெட்டிக்குச் சீட்டு வேண்டும். ஆன்டிபயாடிக் சீட்டில்லாமல் கிடைக்காது. நீங்கள் அங்கத்திய காப்பீட்டில் இல்லாததால் டாக்டர் பில் கையில் வரும். பணம் கட்டிய ரசீது, நோயின் பெயர் எழுதிய தாள் இரண்டையும் வைத்தால்தான் இங்கே காப்பீட்டுக்காரர் பணம் தருவார். ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் அன்றைக்கே காப்பீட்டு எண்ணுக்குப் போன் போட வேண்டும்.

ஊர் நினைப்பு வந்தால் ஈழத் தமிழர் கடைகளைத் தேடிப் போங்கள். பெரிய ஊர்கள் பலவற்றில் இருக்கின்றன. முருங்கைக்காய், வாழைக்காய், கறிவேப்பிலை, நல்லெண்ணெய் எல்லாம் கிடைக்கும், சொதிக்குத் தேங்காய்ப் பால் டின்னாகவே வரும். ஹாம் நகரில் காமாட்சி அம்மன் கோவில் இருக்கிறது. ஈழத் தமிழர் எழுப்பிய அந்தப் பெரிய கோவிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. ராஜகோபுரமும் வருடந்தோறும் தேரும் உண்டு. ஜெர்மன் தெருவில் தமிழில் வடம் பிடிக்கச் சொல்லிக் குரல் கேட்கிறபோது பெரியவர்கள் பலர் கண்கலங்கிவிடுவார்கள். கோடையில் போகிறவர்கள் தேர்த் தேதியைக் கேட்டுவைத்து அதற்கேற்பப் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நாள் கணக்கு. விசா ஸ்டிக்கரில் இரண்டு கணக்கு இருக்கும்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்பது ஒன்று, அதற்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது மற்றொன்று. முடிவுத் தேதி வரை இருக்கலாம் என்று நினைத்துப் பலர் தடுக்கி விழுகிறார்கள். தங்கும் நாள்தான் கணக்கு. வந்த நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும். 90 நாள் கொடுத்திருந்து மே 1 இறங்கினால் ஜூலை 29 கடைசி நாள். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் முகத்தைப் பதிவுசெய்து, கைரேகையைச் சரிபார்த்து, கணினியே நாளை எண்ணும் முறை வந்துவிட்டது, முத்திரை மங்கல் என்று சொல்லித் தப்ப முடியாது. விமானம் ரத்தானாலும் சமாளிக்க, திரும்பும் டிக்கெட்டை 85-ஆம் நாளுக்கே போடுங்கள்.